அச்சம் நான்கே: திகில் கதைகளில் ஊர் தள்ளிவைத்தவர் ஏன் பூதமாகிறார்?

மம்மூட்டி நடித்த ‘பிரமயுகம்’ என்ற மலையாளத் திகில் படம் 2024 பிப்ரவரியில் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன், கேரள உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மனு போனது. படத்தின் மையப் பாத்திரத்துக்கு வைத்திருந்த பெயர் தங்கள் குடும்பத்தைக் குறிக்கிறது, தங்களை மாந்திரீகம் செய்பவர்களாகக் காட்டினால் குடும்பத்தின் மதிப்பு கெடும் என்று ஒரு பழைய அந்தணர் இல்லத்தைச் சேர்ந்தவர்கள் முறையிட்டார்கள். பாத்திரத்தின் பெயர் ‘கொடுமோன் போற்றி’ என்று மாற்றப்பட்டது. படமும் வந்தது, ஓடியது.

ஒரு பேய்க்கதைக்கு வழக்கா என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். மனுவில் இருந்த பயம் நியாயமானது. திகில் கதை ஒருவரை மந்திரவாதி என்று காட்டும்போது, கதை முடிந்த பிறகும் அந்தப் பெயர் அவர் மேல் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதே கேரளத்தின் வடக்கே, மலபார்ப் பகுதியில் பறையர் சமூகத்தை ‘ஒடியன்’ என்று, அதாவது உருமாறி ஆளைக் கொல்லும் மந்திரக்காரன் என்று, தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லிவந்தார்கள். அவர்களுக்கு மனுப் போட ஒரு நீதிமன்றம் இருந்ததில்லை.

திகில் கதை யாரைக் காட்டிப் பயமுறுத்துகிறது, எப்படி, எதற்கு என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், இப்படிப்பட்ட சர்ச்சைகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது பிடிபடும்.

முதலில் சில வரையறைகள்

திகில் வேறு, கோரம் வேறு. ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியர் இதைத் தெளிவாகப் பிரித்தார். அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான அவருடைய கட்டுரை சொல்வது இது: திகில் மனத்தை விரியச் செய்து புலன்களை உசுப்பிவிடும், கோரமோ மனத்தைச் சுருக்கி உறைய வைத்துவிடும். கதவுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற நிலை திகில். கதவைத் திறந்து பார்த்த பிறகு வருவது கோரம். நல்ல கதைசொல்லி கதவை எவ்வளவு நேரம் மூடி வைத்திருக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்.

பூதம் என்று இங்கே சொல்வது புராணத்துப் பூதத்தை மட்டுமல்ல. நோயல் கேரல் என்ற அமெரிக்கத் தத்துவவியலாளர் 1990இல் எழுதிய நூலில், திகில் கதையின் பூதத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும் என்றார். ஒன்று, அது ஆபத்தானதாக இருக்க வேண்டும். மற்றொன்று, அசுத்தமானதாக இருக்க வேண்டும். புலி ஆபத்தானது, ஆனால் பூதம் அல்ல. நடமாடும் பிணம் பூதம். அது உயிருக்கும் சாவுக்கும் நடுவே நிற்கிறது. பாதி மனிதன் பாதி ஓநாய் பூதம். அது இரண்டு இனத்துக்கும் நடுவே நிற்கிறது. எந்த அறையிலும் அடங்காதது எதுவோ அதுவே அசுத்தம். இந்தக் கருத்தை கேரல் எடுத்துக்கொண்டது மேரி டக்ளஸ் என்ற மானிடவியலாளரிடமிருந்து. ஒரு சமூகம் எதை அழுக்கு என்கிறது என்று பார்த்தால், அது தன் உலகத்தை எப்படிக் கட்டம் கட்டி வைத்திருக்கிறது என்பது தெரியும் என்று அவர் 1966இல் எழுதினார்.

நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. தீட்டு என்ற ஏற்பாட்டோடு வாழ்ந்த சமூகம் நம்முடையது.

தொல்காப்பியம் எண்ணிச் சொன்ன நான்கு

அச்சத்துக்கு எவையெல்லாம் காரணம் என்று மெய்ப்பாட்டியல் ஒரு பட்டியல் தருகிறது:

அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப்
பிணங்கல் சாலா அச்சம் நான்கே

தெய்வமும் பேயும் போல மனிதருக்கு மேற்பட்டவை அணங்கு. விலங்கு தெரிந்ததே. ஊரின் சட்டத்துக்கு வெளியே திரிபவர் கள்வர். நான்காவது, தன்னை ஆள்கிற இறை. எதிர்த்துநிற்க முடியாத அச்சம் இந்த நான்கிலிருந்து வருகிறது என்கிறது நூற்பா.

பெரும்பாலான திகில் கதைகள் முதல் மூன்றையும் பிசைந்து ஒரே உடம்பாக ஆக்கிவிடுகின்றன. ஊருக்கு வெளியே இருப்பவன், மந்திரம் அறிந்தவன், பாதி விலங்கு. நான்காவது கண்ணிலேயே படுவதில்லை. அரசனும் பண்ணையாரும் போலீசும் கதையில் வருவார்கள், ஆனால் பூதத்திடமிருந்து நம்மைக் காப்பாற்றுகிறவர்களாக வருவார்கள். திகில் கதையின் அரசியல் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: நான்காவது அச்சத்தை மற்ற மூன்றுக்குப் பின்னால் மறைப்பது. கெட்டிக்காரக் கதைகள் அதை வெளியே இழுத்துவருகின்றன.

விலக்கப்பட்டவர், மந்திரம், பூதம்: மூன்றும் செய்யும் வேலை

1. விலக்கப்பட்டவர் திசை காட்டுகிறார். பயம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். சுடுகாட்டுப் பக்கம், ஆற்றுக்கு அந்தப் பக்கம், சேரிப் பக்கம், வந்தேறிகள் குடியிருக்கும் துறைமுகப் பக்கம். எழுத்தாளர் புதிதாக எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. ஊர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கோட்டின் மேல் இன்னொரு முறை கோடு போட்டால் போதும்.

2. மந்திரம் ஒரு பெரிய முரணை அடைக்கிறது. தள்ளிவைக்கப்பட்டவரிடம் நிலம் இல்லை, ஆயுதம் இல்லை, அதிகாரியிடம் செல்வாக்கு இல்லை. அப்படிப்பட்டவரைக் கண்டு பலமுள்ளவர் ஏன் பயப்பட வேண்டும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு பலத்தை அவருக்குக் கொடுத்தால்தான் அந்தப் பயத்துக்குக் காரணம் கிடைக்கும். இன்னொரு வசதியும் உண்டு. செய்வினையைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. சூனியம் வைத்ததாகச் சொல்லப்படுபவர் மறுத்தால், அதுவும் சூனியக்காரரின் தந்திரமாகிவிடும்.

3. பூதம் குற்ற உணர்ச்சியைக் கழற்றிவிடுகிறது. மனிதனைக் கொன்றால் கொலை. பூதத்தைக் கொன்றால் வீரம். விலக்கப்பட்டவருக்கு வாலும் கோரைப்பல்லும் முளைத்த கணத்திலிருந்து, அவரை என்ன செய்தாலும் வாசகர் கைதட்டலாம்.

மூன்றாவது வேலையை வெளிப்படையாக அம்பலப்படுத்திய முதல் பெரிய நாவல், 1818இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அதில் உருவாக்கப்பட்ட பிறவி, காட்டோரக் குடிசையில் வாழும் ஒரு குடும்பத்தை மறைந்திருந்து பார்த்தே மொழி கற்கிறது. அவர்களுக்குத் தெரியாமல் விறகு கொண்டுவந்து போடுகிறது. வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. அதனால் அவர் மட்டும் அதோடு மனிதனோடு பேசுவது போலப் பேசுகிறார். அப்போது மகன் உள்ளே வருகிறான், பார்க்கிறான், அடிக்கிறான். அதற்கு முன் அந்தப் பிறவி யாரையும் கொன்றதில்லை. வழக்கமான கதையில் பூதம் என்பதால் விலக்குவார்கள். இங்கே விலக்கியதால் பூதமாகிறது.

ஒடியன்: தீட்டுக்கு வால் முளைத்த கதை

பாலக்காடு, வள்ளுவநாடு பகுதிகளில் சொல்லப்படும் ஒடியன் கதைகளில் இந்த மூன்று வேலைகளும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட சாதிகள் பற்றிய நூலிலும் மலபார்ப் பறையரின் ‘ஒடி’ வித்தை பற்றிய நம்பிக்கைகள் பதிவாகியிருக்கின்றன. கதைகள் சொல்வது ஏறத்தாழ இப்படி: ஒடியன் கர்ப்பிணியின் கருவிலிருந்து ஒரு தைலம் செய்வான். அதைப் பூசிக்கொண்டால் காளையாகவோ நாயாகவோ மாறலாம். ஆனால் மாற்றம் முழுமையாக இருக்காது. வால் இருக்காது, அல்லது ஒரு கால் குறையும். இரவில் வழியில் நிற்கும் மாட்டுக்கு உறுப்பு ஏதாவது குறைகிறதா என்று பார்த்து நடக்க வேண்டும்.

அந்தக் குறையும் வாலைக் கவனிக்க வேண்டும். திகில் எழுத்தின் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது. முழு அரக்கன் எதிரே வந்தால் ஓடிவிடலாம். எல்லாம் சரியாக இருந்து, ஒன்றே ஒன்று சரியில்லாத மாடு? அதைக் கடந்து போகும் வரைக்கும் அது மாடா இல்லையா என்று தெரியாது. ராட்கிளிஃப் சொன்ன மூடிய கதவு அதுதான்.

இப்போது சமூகப் பக்கம். பகலில் பறையர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. அருகில் வந்தாலே தீட்டு என்றால் என்ன பொருள்? தொடாமலேயே, வெறும் இருப்பால், மேல்சாதிக்காரரின் உடம்பில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும் சக்தி அவருக்கு இருக்கிறது என்று பொருள். மந்திரம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தீட்டை நம்புகிற சமூகம் ஒடியனை நம்புவதற்கு இன்னும் ஒரு அடிகூட வைக்க வேண்டாம்.

இந்தப் பயம் கதையாக மட்டும் இருக்கவில்லை, வழக்கமாகவே இருந்தது. பின்னாளில் திருவிதாங்கூரான பழைய வேணாட்டில் ‘புலப்பேடி’, ‘மண்ணாப்பேடி’ என்று இரண்டு உண்டு. பேடி என்றால் மலையாளத்தில் பயம். ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில், இருட்டிய பின் தனியாக வெளியே வரும் மேல்சாதிப் பெண்ணைத் தாழ்த்தப்பட்ட சாதியினரான புலையரோ மண்ணாரோ தொட்டுவிட்டால், எறிந்த கல் அவள் மேல் பட்டுவிட்டால்கூட, அவள் சாதியை இழப்பாள். வீடு திரும்ப முடியாது. 1696இல் வேணாட்டு ஆட்சியாளர் இதைத் தடைசெய்தார். ஆணையைச் சொல்லும் கல்வெட்டு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் கிடைத்தது. இருட்டில் நிற்கும் புலையர் கதையால் யாருக்கு லாபம் என்று கேட்டால், விடை வீட்டுக்குள்ளே இருக்கிறது. பொழுது சாய்ந்தால் பெண்கள் வெளியே போகமாட்டார்கள்.

ஒடியன் கதைகளில் இன்னொரு சங்கதியும் வரும். சொல்பவர்கள் அதைச் சட்டென்று கடந்துபோவார்கள். ஒடியனைப் பல சமயம் ஏவிவிடுகிறவர் ஒரு ஜன்மி, அதாவது நிலவுடைமையாளர். எதிரியைத் தீர்க்கக் கூலி கொடுத்து ஆள் வைக்கிறார். செத்தவரின் உறவினர் ஒடியனைத் தேடிப் பிடித்து அடித்துக் கொல்லலாம். ஜன்மியின் வாசலுக்கு யாரும் போவதில்லை. நான்காவது அச்சம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஒரே எழுத்தாளர், மூன்று கதைகள்

இந்த முறை எங்கே பலிக்கிறது, எங்கே பிசகுகிறது என்பதைப் பார்க்க எச். பி. லவ்கிராஃப்டைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். 1890இல் பிறந்து 1937இல் இறந்த இந்த அமெரிக்கர் இன்றைய திகில் எழுத்தின் பெரும்பகுதிக்கு மூலவர். கறுப்பர், யூதர், தென் ஐரோப்பியர், ஆசியர் எல்லோர் மீதும் வெளிப்படையான இனவெறுப்பு கொண்டவரும்கூட. அவருடைய கடிதங்களே சாட்சி.

முதல் கதை ‘ரெட் ஹூக்கின் கோரம்’. 1924இல் மணமாகி நியூயார்க் போனவர், 1925இல் புரூக்லினில் தனியாக ஓர் அறையில் இருந்தார். வேலை இல்லை. அறையில் திருட்டுப் போய் உடுப்புகளையும் இழந்தார். சுற்றிலும் பல நாட்டுக் குடியேறிகள். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் வருகையைக் கடுமையாகக் குறைத்து, ஆசியருக்குக் கதவடைத்த குடியேற்றச் சட்டம் 1924இல்தான் வந்திருந்தது. 1925 ஆகஸ்டில் எழுதிய இக்கதையில், ரெட் ஹூக் துறைமுகக் குடியிருப்பின் வந்தேறிகள் குழந்தைகளைக் கடத்தி நரபலி கொடுக்கும் பிசாசு வழிபாட்டினர். மலோன் என்ற போலீஸ் துப்பறிவாளர் அவர்களைக் கண்டுபிடித்து மனம் சிதைகிறார்.

இரண்டாவது, 1921இல் எழுதி 1926இல் வெளியான ‘வெளியாள்’. பாழ்மாளிகையில் தனியே வளர்ந்த ஒருவன் மேலே ஏறி வெளியே வருகிறான். விளக்குகள் எரியும் ஒரு மாளிகையில் விருந்து நடக்கிறது. அவன் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் அலறியடித்து ஓடுகிறார்கள். அவர்களைத் துரத்திய கோர உருவம் எதிரே நிற்பதைப் பார்த்துக் கை நீட்டுகிறான். விரலில் படுவது கண்ணாடி.

மூன்றாவது, 1931இல் எழுதிய ‘இன்ஸ்மவுத்தின் மேல் நிழல்’. கடல் பிறவிகளோடு மணவுறவு வைத்துத் தலைமுறை தலைமுறையாக மாறிவரும் ஒரு துறைமுக ஊருக்கு ஓர் இளைஞன் போகிறான். உயிர் தப்பி வந்து அரசிடம் சொல்கிறான். அரசு அந்த மக்களைப் பிடித்து முகாம்களில் அடைக்கிறது, அவர்களுடைய கடற்பாறைக்கு அப்பாலுள்ள ஆழ்கடலுக்குள் நீர்மூழ்கியிலிருந்து டார்பிடோக்களை ஏவுகிறது. அப்புறம் அவன் தன் குடும்ப வரலாற்றைத் தோண்டுகிறான். அவனுடைய பாட்டியின் தாய் அந்த ஊர்க்காரி. கண்ணாடியில் தன் முகம் மாறிவருவது தெரிகிறது.

மூன்றிலும் உள்ள வெறுப்பு ஒன்றுதான்: கலப்பு பற்றிய பயம். ஆனால் முதல் கதை சப்பென்று இருக்கிறது. லவ்கிராஃப்டே அதைப் பெரிதாக மதிக்கவில்லை. மற்ற இரண்டும் இன்றைக்கும் படிக்கிறவர் தூக்கத்தைக் கெடுக்கும். காரணம் நேர்மையோ நல்லெண்ணமோ அல்ல, தொழில்நுட்பம். ரெட் ஹூக்கில் கோடு எங்கே போடப்பட்டதோ அங்கேயே கடைசிவரை நிற்கிறது. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாம். வாசகர் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறார். பத்திரமாக இருப்பவருக்கு வெறுப்பு வரும், அருவருப்பு வரும்; திகில் வராது. மற்ற இரண்டிலும் கோடு நகர்ந்து கதைசொல்லியின் உடம்புக்குள்ளேயே விழுகிறது. ரெட் ஹூக்கின் குறையை ஒழுக்கக் குறை என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது கைவேலையின் குறையும்தான்.

விக்டர் லவால் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் 2016இல் அதே ரெட் ஹூக் கதையை மறுபக்கமிருந்து எழுதினார். தலைப்பு ‘கறுப்பு டாமின் கதைப்பாடல்’. லவ்கிராஃப்டுக்கே அதைக் காணிக்கையாக்கி, அவர் மீது தனக்குள்ள கலவையான உணர்வுகளையும் அங்கே சொல்லிவிட்டார். நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமைச் சேர்ந்த சார்லஸ் தாமஸ் டெஸ்டர் வெள்ளையர் பகுதிக்குப் போகும்போதெல்லாம் கிதார்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான். பாட்டுக்காரன் என்றால் கேள்வி குறையும். அவன் இல்லாத நேரத்தில் அவனுடைய நோயாளித் தந்தையை ஒரு வெள்ளைத் துப்பறிவாளன் சுட்டுக் கொல்கிறான். கையிலிருந்த கிதார் துப்பாக்கி போலத் தெரிந்தது என்கிறான். இதற்குப் பிறகு டாம் மந்திரத்தைக் கையில் எடுக்கிறான், பூதமாகிறான், உலகத்தை அழிக்கும் கடலடித் தெய்வத்தை எழுப்புகிறான். மனிதர்களின் கொடுமையைவிட அந்தத் தெய்வத்தின் அலட்சியம் மேல் என்பது அவன் முடிவு. தந்தை சாகும் காட்சியில் அணங்கும் இல்லை, விலங்கும் இல்லை. துப்பாக்கியும் சட்டமும்தான் இருக்கின்றன. புத்தகத்தில் மிகவும் பயமுறுத்தும் பக்கம் அதுவே.

பெரியவர்கள் வாக்குக் கொடுத்தார்கள்

தமிழில் நான்காவது அச்சத்தைத் தெளிவாகக் காட்டும் கதை பழையனூர் நீலி. கொன்ற கணவனைப் பழிவாங்க மறுபிறவியில் பேயாக வருபவள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் அவன் மனைவியின் உருவில், கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச் சபைக்கு முன் நிற்கிறாள். என்னை விட்டு ஓடுகிறார், சேர்த்துவையுங்கள் என்கிறாள். இவள் பேய் என்று அவன் கதறுகிறான். கையில் காப்புக்காக ஒரு கத்தி இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு அவளோடு அறைக்குள் போ, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று எழுபது வேளாளர் வாக்குக் கொடுக்கிறார்கள். காலையில் அவன் பிணம். வாக்கைக் காக்க எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

கதையை வாக்குத் தவறாத பெருமையாகவே வழிவழியாகச் சொல்கிறோம். ஆனால் திகில் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீலியின் பல்லிலிருந்து அல்ல. நியாயமான, நல்லெண்ணம் கொண்ட, தங்கள் தீர்ப்பில் துளியும் சந்தேகமில்லாத பெரியவர்கள் அந்தக் கத்தியை வாங்கி வைக்கும் இடத்தில் வருகிறது. ஊரின் அதிகாரம் முழுவதும் சேர்ந்து ஒரு மனிதனைச் சாவின் அறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறது. அவன் கொலைகாரன், நீலிக்கு நியாயம் உண்டு. அதனால் வாசகர் யார் பக்கம் நிற்பது என்பதும் கலங்கிப்போகிறது.

உள்ளே வா என்று அழைக்கும் வீடு

‘பிரமயுகம்’ இந்த இடத்திலிருந்து புறப்படுகிறது. படத்தைப் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், முடிச்சு அவிழ்கிறது.

கதை 17ஆம் நூற்றாண்டு மலபாரில் நடக்கிறது. படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. தேவன் என்ற பாணர் சாதிப் பாடகன் தப்பியோடி, காட்டில் வழி தவறி, ஒரு பாழடைந்த மனைக்கு வருகிறான். வீட்டுத் தலைவர் போற்றி. வழக்கமான கதையில் தாழ்த்தப்பட்ட சாதிக்காரன் மனையின் எல்லைக்கு வந்தாலே துரத்துவார்கள். இந்தப் போற்றி உள்ளே அழைக்கிறார், பாடச் சொல்கிறார், சாதி பார்க்காமல் தங்கச் சொல்கிறார். பார்வையாளருக்கு முதல் நடுக்கம் அந்த அன்பில்தான் வருகிறது. தள்ளிவைத்தே பழகிய உலகத்தில் கதவு தானாகத் திறந்தால் ஏதோ சரியில்லை; வால் இல்லாத மாடு போல. அப்புறம் பகடை ஆட்டம். பணயம் தேவனின் காலம். தோற்கிறான். இனி அவன் வெளியேற முடியாது.

விலக்குவதும் அடைத்துவைப்பதும் ஒரே அதிகாரத்தின் இரண்டு கைகள் என்று படம் சொல்லாமல் சொல்கிறது. பிறகு இன்னொரு திருப்பம். போற்றியாக இருப்பது உண்மையில் போற்றி அல்ல. அந்தக் குடும்பம் அடிமைப்படுத்திக் கொடுமை செய்த சாத்தன் என்ற ஏவல் பூதம். கிளர்ந்தெழுந்து எஜமானர்களை அழித்தவன், எஜமானின் உருவத்திலேயே உட்கார்ந்து, எஜமான் செய்ததையே செய்கிறான். தொல்காப்பியத்தின் பட்டியலில் முதலில் நின்ற அணங்கு நான்காவதாக நின்ற இறையின் நாற்காலியில் ஏறிவிட்டது. ஒடுக்கப்பட்டவன் பக்கம் நின்று பார்த்துவிட்டால் திகில் கதை நல்ல கதையாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது சங்கடமான படம்.

கதைக்கு வெளியே நடப்பவை

கதை வெறும் கதைதானே என்பதற்கு இரண்டு பதில்கள்.

முதலாவது, யாசிதிகள் என்ற சிறுபான்மை மதத்தினர். ரெட் ஹூக் கதையில் லவ்கிராஃப்ட் பிசாசு வழிபாட்டினராகக் காட்டியவர்களில், குர்திஸ்தானிலிருந்து வந்த யாசிதிகளும் உண்டு. அது அவர் உண்டாக்கிய அவதூறு அல்ல. அவர்களைச் சூழ்ந்திருந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. அவருக்குத் தயாராகக் கிடைத்த ஓர் அரங்கப்பொருள். 2014 ஆகஸ்டில் ஐஎஸ் அமைப்பு வடக்கு ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யாசிதி ஆண்களைக் கொன்று, பெண்களை அடிமைகளாக விற்றபோது, பிசாசை வணங்குகிறவர்கள் என்பதையே நியாயமாகச் சொன்னது. நடந்தது இனப்படுகொலை என்று ஐநா விசாரணை ஆணையம் 2016இல் முடிவு செய்தது. ஒரு சிறுகதையால் இது நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சிறுகதையும் அந்தப் படுகொலையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவை.

இரண்டாவது, நம் நாட்டின் சட்டப் புத்தகம். சூனியக்காரி என்று பட்டம் கட்டுவதைக் குற்றமாக்கும் சட்டத்தை பிகார் 1999இல் கொண்டுவந்தது. சத்தீஸ்கர் 2005இல், ஒடிசா 2013இல், அசாம் 2015இல் சட்டமியற்றின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களில் சூனியத்துக்குத் தனி வரிசையே வைத்திருக்கிறது. இந்த வழக்குகளில் மேலே சொன்ன மூன்று வேலைகளும் அப்படியே நடப்பதைக் காணலாம். பழி விழுவது பெரும்பாலும் தனியாக வாழும் பெண்மேல், பல நேரங்களில் கையில் துண்டு நிலமுள்ள விதவைமேல். ஊரில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அவள் வைத்தது என்பார்கள். மறுக்க வழி கிடையாது. அடித்தவர்கள் தாங்கள் ஒரு பெண்ணை அடித்ததாக நினைப்பதில்லை. நிலம் பிறகு யாரிடம் போகிறது என்பதில் நான்காவது அச்சம் இருக்கும்.

அனுதாபம் கேட்கும் விலை

இதையெல்லாம் உணர்ந்த எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இப்போது பூதத்தின் பக்கம் நின்று கதை சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். உலகக் கற்பனைப் புனைவு விருதாக லவ்கிராஃப்டின் தலைச்சிலையைக் கொடுத்துவந்த வழக்கமும் 2015இல் கைவிடப்பட்டது. 2011இல் அந்த விருதை வென்ற நைஜீரிய அமெரிக்க எழுத்தாளர் நெடி ஒகோராஃபோர், தன்னைப் போன்றவர்களை வெறுத்த ஒருவரின் தலையை வீட்டில் வைத்திருப்பதன் சங்கடத்தை எழுதியிருந்தார். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் கைவேலையில் ஒரு புதுச் சிக்கல் முளைத்திருக்கிறது.

2025இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்ற ‘லோகா’ என்ற மலையாளப் படத்தைப் பாருங்கள். நாகர்கோவிலை ஒட்டிய பகுதியோடு சேர்த்துச் சொல்லப்படும் கள்ளியங்காட்டு நீலிதான் அதன் நாயகி. பழைய கதையில் வழிப்போக்கரின் ரத்தம் குடிக்கும் யட்சி. படத்தின் முன்கதையில் அவள் ஒரு பழங்குடிச் சிறுமி. கோயில் தொடர்பாக மன்னனின் ஆட்கள் அவள் மக்களைத் தாக்கும்போது அவளுக்குச் சக்தி கிடைக்கிறது. நியாயம் முழுக்க அவள் பக்கம். இறையை நேராக முன்னே நிறுத்திக் குற்றவாளி ஆக்கியாயிற்று. ஆனால் திகில்? அவள் திரையில் தோன்றும்போது அரங்கம் விசிலடிக்கிறது, ஒருவரும் பயப்படுவதில்லை. நீலி சூப்பர் ஹீரோ ஆகிவிட்டாள்.

லவாலின் கறுப்பு டாம் இந்தப் பொறியில் விழவில்லை. அவனுக்கு நடந்தது அநியாயம் என்று நமக்குத் தெரியும். கழுத்தை அறுக்கும்போதும் அவன்மேல் நமக்குள்ள பரிவு குறைவதில்லை. அவன் எழுப்பிவிட்ட தெய்வம் கடல் மட்டத்தை உயர்த்தி விழுங்கப்போவது குற்றவாளிகளை மட்டுமல்ல, அவனுடைய ஹார்லெமையும் சேர்த்துத்தான். அதை அவன் மிகத் தாமதமாக யோசிக்கிறான்.